பெட்டி மாறலாம், பெயர் தொலையலாகாது

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் சிட்னியிலும் வாழும் நம்மவர் வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு சிறு கறுப்புப் பெட்டி மூலையில் இருந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் காணலாம். உள்ளே இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகள் இருக்கும். வீட்டிலுள்ள கணினிகளும் கைபேசிகளும் தம்மிடமுள்ளவற்றையெல்லாம் கொண்டுபோய் அதில் சேர்க்கும். வீட்டுச் சேமிப்பு வழங்கி என்று தமிழில் சொல்லலாம். ‘நாஸ்’ என்பது வழக்கில் உள்ள பெயர். கலியாணப் படங்கள், இறந்துபோன பாட்டியின் குரல், தகப்பனாரின் பிறப்புச் சான்றிதழின் பிரதி, ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்கள் என்று ஒரு குடும்பத்தின் ஞாபகம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

பெட்டிக்கு ஆயுள் உண்டு. ஆறேழு ஆண்டுகளில் அது கிழடு தட்டிவிடுகிறது. விசிறி இரைகிறது, வேகம் குறைகிறது, வட்டுகள் நிரம்புகின்றன. புதிய பெட்டி வாங்குவது எளிது. பழைய பெட்டியில் இருந்த அமைவுகள் ஒன்றும் தொலையாமல் அதற்கு மாறுவது எப்படி என்பதே கேள்வி. கணினி தெரிந்த இளைஞர்கள் இதற்கு விடை சொல்வார்கள். ஆனால் இதே கேள்வி, கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, இலங்கையின் ஊவா மலைத் தோட்டங்களில் தமிழரின் வாழ்வையும் உரிமையையும் தீர்மானித்திருக்கிறது. அந்த வரலாற்றின் மிகக் கொடிய ஒரு காலை 2014இல் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தவில் விடிந்தது. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சரக்கு வேறு, அமைவு வேறு

முதலில் ஒரு தெளிவு வேண்டும். சேமிப்பகம் எதுவாயினும் அதில் மூன்று உண்டு. ஒன்று பெட்டி. இரண்டாவது பெட்டிக்குள் உள்ள சரக்கு. மூன்றாவது, அந்தச் சரக்கு யாருடையது, யார் பார்க்கலாம், யார் திருத்தலாம், எது எதனோடு சேர்ந்தது என்று சொல்லும் ஒழுங்கு. இந்த மூன்றாவதைத்தான் அமைவு என்கிறோம்.

அமைவு தொலைந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் தலைமுறைப் பத்திரிகைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரையை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் திரை நிறையும். கட்டுரையில் ஓர் எழுத்துக்கூட அழிந்திருக்காது. சரக்கு முழுவதும் பத்திரமாக இருக்கும். இந்தக் குறிக்கு இந்தத் தமிழ் எழுத்து என்று சொல்லும் ஒழுங்கு மட்டும் இருக்காது. அது இல்லாததால் கட்டுரையும் இல்லை என்றே ஆகிவிடும். ஒருங்குறி பரவலாகும் வரை தமிழர் பட்ட பாடு இது.

வீட்டுச் சேமிப்பு வழங்கியிலும் இத்தகைய ஒரு மறைவான முடிச்சு இருக்கிறது. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு கோப்பின் உரிமையாளர் யார் என்பது பெயராக எழுதப்படுவதில்லை. எண்ணாக எழுதப்படுகிறது. பயனர் கணக்குகளுக்கான எண் பெரும்பாலும் 1000த்தில் தொடங்கும். 1000 என்பது அப்பா, 1001 என்பது அம்மா, 1002 என்பது மகள் என்ற விவரம் கோப்புகளோடு இராது; அது அமைவில் இருக்கும். கோப்புகளை மட்டும் புதிய பெட்டிக்குக் கொண்டுபோய், அங்கே முதலில் மகளுக்குக் கணக்குத் திறந்துவிட்டால் 1000 என்ற எண் அவளுக்குப் போய்விடும். அப்பாவின் கோப்புகளெல்லாம் ஒரே கணத்தில் மகளுடையவை ஆகிவிடும். அப்பா தம் கோப்புறையைத் திறக்க முயன்றால் உமக்கு அனுமதியில்லை என்று பதில் வரும்.

எண் நிலைத்திருக்க, எண்ணையும் பெயரையும் இணைக்கும் ஏடு மட்டும் தொலையும் இந்த விபத்து, ஊவா மலைகளுக்குப் புதியதன்று.

துண்டும் தகரமும்

கோப்பிக் காலத்திலிருந்தே தென்னிந்தியாவின் மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் இலங்கையின் மலைகளுக்கு வந்தார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தோமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். அவருடைய தம்பேதன்னைத் தொழிற்சாலையை இன்றும் பார்க்கலாம். ரயில் பாதை 1924இல் பதுளையை எட்டியது. கொழுந்து தலைநகருக்கும் துறைமுகத்துக்கும் போக வழி பிறந்தது. கொழுந்து பறித்தவர்கள் யார் என்பதற்கு என்ன பதிவு இருந்தது?

இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று துண்டு. தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் ஒரு சீட்டு அது. இன்ன கடனைச் செலுத்தினால் இந்தத் தொழிலாளரை விடுவிக்கச் சம்மதம் என்று அதில் இருக்கும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கட்டிய தொகை புதிய தோட்டத்தின் பேரேட்டில் அதே தொழிலாளரின் கடனாக ஏறும். இன்றைய கணினி மொழியில் சொன்னால், ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பிசகின்றி மாற்றப்பட்ட அமைவு அது. மாற்றப்பட்டது கடன் என்பதுதான் கொடுமை. 1921இல் ஒரு கட்டளைச் சட்டத்தால் துண்டு முறை தடைசெய்யப்பட்டது.

மற்றொன்று தகரச் சீட்டு. 1902இல் இம்முறை அறிமுகமாயிற்று. தமிழகக் கரையில் ஆள் சேர்க்கப்படும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தகர வில்லை கொடுக்கப்பட்டது. போய்ச்சேர வேண்டிய தோட்டத்தை அடையாளம் காட்டும் குறியும் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பயணச் செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏற வேண்டும் என்பதை அந்த வில்லையைப் பார்த்தே அறிந்தார்கள். 1904இல் நிறுவப்பட்ட இலங்கைத் தொழில் ஆணையகம் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இந்த ஆள்சேர்ப்பை ஒழுங்கு செய்தது. மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்து, கடல் கடத்தி, ரயிலேற்றி அனுப்பினார்கள்.

தோட்டத்தை அடைந்ததும் பெயர் செக்ரோலில் ஏறியது. காலையில் பெரட்டுக்களத்தில் கூப்பிடும் பெயர் அது. கணக்கப்பிள்ளை தன் காதுக்குக் கேட்டபடி எழுதிய பெயர். கறுப்பாயி ஓர் ஆண்டில் கருப்பாய் ஆவாள், மறு ஆண்டில் கறுப்பம்மா ஆவாள். சம்பளக் கணக்குக்கு அது போதுமானதாக இருந்தது. எண் சரியாக இருந்தால் கணக்கு சரியாக இருக்கும். பெயரைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டிய நாள் 1948இல் வந்தது.

அரசு என்னும் பெட்டி மாறியபோது

1948 பெப்ரவரி 4 அன்று இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆட்சி என்னும் பெட்டி மாறியது. உள்ளே இருந்த மக்கள் அதே மக்கள். தோட்டங்கள் அதே தோட்டங்கள். 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையில், நிபந்தனைகளோடுதான் என்றாலும், மலையக மக்களுக்கும் பங்கு இருந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 பேர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். பெட்டி மாறும்போது இந்த அமைவும் புதிய பெட்டிக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்த நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது, தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. அதை மெய்ப்பிக்கும் பத்திரம் எத்தனை லயத்தில் இருந்திருக்கும்? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு கதவைத் திறந்தது. அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரசைகளுக்கே வாக்கு என்றாயிற்று. விண்ணப்பத்துக்குத் தொடர்ச்சியான வதிவிடத்தை மெய்ப்பிக்க வேண்டும். மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது உரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

கணினிக்காரர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். அனுமதிகளை நிர்ணயிக்கும்போது இரண்டு அடிப்படைகள் உண்டு. எல்லோருக்கும் கதவைத் திறந்துவைத்துக் குறிப்பிட்டவர்களை மட்டும் தடுப்பது ஒன்று. எல்லோரையும் தடுத்துவிட்டு, தகுதியை மெய்ப்பிப்பவரை மட்டும் அனுமதிப்பது மற்றொன்று. வெளியாரிடமிருந்து காப்பதற்கு இரண்டாவது நல்லது. ஆனால் பெட்டி மாற்றும் நாளில், ஏற்கெனவே உள்ளே இருக்கும் குடும்பத்தாரின் மீது அதைப் போட்டால் வீட்டுக்காரனே வெளியாள் ஆவான். 1949இல் நேர்ந்தது அதுதான். தாத்தாவைத் தகரத்து எண்ணாகவும், தந்தையைச் செக்ரோலில் ஒரு பெயராகவும், மகனைப் பிறப்புப் பதிவில் வேறொரு எழுத்துக்கூட்டலிலும் வைத்திருந்த ஏடுகளிடம் போய், இவர்கள் மூவரும் ஒரே குடும்பம் என்று நிறுவு என்றார்கள். முடிச்சைப் போட வேண்டியது ஏடு எழுதியவர் கடமை. அது அவிழ்ந்ததற்கான தண்டனை ஏட்டில் எழுதப்பட்டவருக்குக் கிடைத்தது.

மீண்டும் மண்டபம்

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதரைப் பற்றியது. அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. 1974இல் அந்த மீதியையும் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களைத் தங்கவைத்தது மண்டபம் முகாம். பாட்டன் தகரச் சீட்டு வாங்கிய அதே மண்டபத்தில் பேரன் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்து நின்றான். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் அவர்களில் பலருக்கு வேலை கிடைத்தது. கொழுந்து பறிக்கும் கை மாறவில்லை, தோட்டத்தின் பெயர்தான் மாறிற்று. 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றதோடு இந்தத் திரும்பல் முடிவுக்கு வந்தது.

போகாமல் எஞ்சியவர்களுக்கும் நிம்மதியில்லை. 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எரிந்த அலுமாரிகளுக்குள் என்னென்ன பத்திரங்கள் இருந்தன என்று யாரும் பட்டியல் எடுக்கவில்லை.

இதற்கிடையே தோட்டங்களின் உரிமையும் கைமாறியது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் அவை அரசுடைமை ஆயின. வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்கள் 1975இல் போயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் வந்தது. மீரியபெத்த என்னும் பிரிவை உள்ளடக்கிய அம்பிட்டிகந்தைத் தோட்டம் மஸ்கெலியா பெருந்தோட்டக் கம்பனியின் கீழ் வந்தது. மேலே இத்தனை பெட்டி மாற்றம் நடந்தும் ஒரு சங்கதி மட்டும் சற்றும் பிசகாமல் ஒவ்வொரு முறையும் புதிய நிருவாகத்திடம் போய்ச்சேர்ந்தது. அது லயம். நூறாண்டுக்கு முன் எங்கே வரிசையாகக் கட்டினார்களோ, அதே சரிவில், அதே வரிசையில், அதே அறையில் மக்கள் வாழ்ந்தார்கள்.

திறந்த கதவு

2003இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. அந்த ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் பிரசாவுரிமை உண்டு என்றது. நீ மெய்ப்பித்தால் தருகிறேன் என்று அதுவரை சொன்ன சட்டம், நீ ஏற்கெனவே உரியவன் என்று சொல்லத் தொடங்கியது. அனுமதியின் அடிப்படையே புரண்டது. ஐம்பத்தைந்து ஆண்டுக்கு முன் பெட்டி மாறியபோது தொலைந்த அமைவு அப்போதுதான் மீட்கப்பட்டது என்று கொள்ளலாம்.

மாற்றத்தைச் செம்மையாகச் செய்யவும் அரசுகளுக்குத் தெரியும் என்பதற்கு இன்னொரு சான்று தேசிய அடையாள அட்டை. 1972இல் வழங்கத் தொடங்கிய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் 12 இலக்கம் ஆக்கினார்கள். ஆனால் பழைய எண்ணைத் தூக்கி எறியவில்லை. முன்னே 19 சேர்த்து, நடுவே ஒரு சைபரை நுழைத்து, கடைசி எழுத்தை நீக்கினால் பழைய எண்ணே புதிய எண் ஆகிறது. பழையதிலிருந்து புதியதற்குப் போகலாம்; புதியதிலிருந்து பழையதைக் கண்டுபிடிக்கலாம். பெட்டி மாற்றுவோர் அனைவரும் பின்பற்ற வேண்டிய இலக்கணம் இது.

2014 அக்டோபர் 29

கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தவில் அன்று புதன்கிழமை. விடாமழை பெய்துகொண்டிருந்தது. பெரியவர்களில் பலர் வேலைக்கும், பிள்ளைகளில் பலர் பள்ளிக்கும் போயிருந்த காலை நேரத்தில் மலை சரிந்து லயங்களின் மீது இறங்கியது. அது எதிர்பாராத ஒன்றன்று. தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தின் ஆபத்தைச் சுட்டிக்காட்டி, மக்களை அப்புறப்படுத்துமாறு எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள்.

அடுத்த சில நாட்களின் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். காணாமற் போனவர்கள் 300க்கும் மேல் என்று முதலில் அறிவித்தார்கள். பின்னர் 192 என்றார்கள். பின்னர் நூறு அளவில் இருக்கலாம் என்றார்கள். கடைசியில் நிலைத்த எண் அதற்கும் மிகக் குறைவு. உயிர் பிழைத்தவர்கள் கூடுதல் என்று தெரிந்ததில் ஆறுதல் உண்டு. ஆனால் ஒரு மலைச்சரிவில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்பதை ஒரு நாட்டால் ஏன் உடனே சொல்ல முடியவில்லை? கிராமப் பதிவுகளை வைத்திருந்த இரண்டு அலுவலகங்களும் அதே மண்சரிவில் அழிந்துபோனதாக அன்றைய செய்திகள் தெரிவித்தன. மக்களும் மண்ணுக்குள், மக்களின் பெயர்ப் பட்டியலும் மண்ணுக்குள்.

பிழைத்தவர்கள் உடுத்த துணியோடு வெளியே வந்தார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்கள், பிள்ளைகளின் பாடசாலைப் புத்தகங்கள் எல்லாம் உள்ளே போயின. மூன்று தலைமுறை காத்திருந்து பெற்ற உரிமையின் காகிதங்கள் அவை. பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் தரையில் இரண்டாண்டு காலம் முகாம் வாழ்க்கை வாழ்ந்த பிறகு, 2016 அக்டோபரில் பூணாகலையில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. வீடு புதிது, சுவர் புதிது. ஆனால் அந்த வீட்டில் குடியேறுபவர் யார் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அலுவலகம் அலுவலகமாக ஏறி மீண்டும் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதோடு மலை நின்றுவிடவில்லை. 2023 மார்ச்சில் பூணாகலைப் பகுதியின் கபரகலையில் மண் சரிந்து லயங்களைச் சேதப்படுத்தியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

வட்டும் தன் பெயரைச் சுமக்கட்டும்

மீரியபெத்தவின் பாடத்தைக் கணினி உலகம் தன் வழியில் கற்றிருக்கிறது. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் ‘ரெய்டு’ என்னும் முறையை முன்வைத்தார்கள். பல மலிவான வட்டுகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் மற்றவற்றிலிருந்து தகவலை மீட்கும் ஏற்பாடு அது. அருமையான யோசனை. ஆனால் நடைமுறையில் ஒரு சிக்கல் எழுந்தது. எந்த வட்டில் எந்தத் துண்டு இருக்கிறது என்ற ஒழுங்கைப் பல கணினிகளில் ஒரு தனி அட்டை தனக்கே உரிய முறையில் நிருவகித்தது. அந்த அட்டை செத்து, அதே தயாரிப்பாளரின் அட்டை கிடைக்காவிட்டால், வட்டுகள் நான்கும் நலமாக இருந்தும் படிக்க ஆள் இல்லை. கணக்கப்பிள்ளை இறந்தபின் அவருடைய கையெழுத்தை வாசிக்க முடியாத செக்ரோல் போல.

2005இல் சன் நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட ‘ஸெட்எப்எஸ்’ என்ற கோப்பு முறைமை வேறு வழியை எடுத்தது. தொகுதியின் ஒழுங்கைத் தொகுதியிலுள்ள வட்டுகளின் மீதே எழுதிவைத்தது. நான்கு வட்டுகளையும் கழற்றி, வேறு ஒரு கணினியில், எந்த வரிசையில் செருகினாலும் அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒன்றுகூடும். சான்று அலுவலகத்தில் இராமல் ஆளோடு போகிறது என்று இதைச் சொல்லலாம்.

அதே 2005இல் பிரான்சைச் சேர்ந்த ஒலிவியே கோஷார்-லபே ‘ஃப்ரீநாஸ்’ என்னும் இலவச மென்பொருளைத் தொடங்கினார். பழைய கணினி ஒன்றை வீட்டுச் சேமிப்பு வழங்கியாக மாற்ற அது உதவிற்று. மானுவேல் காஸ்பர் உருவாக்கிய ‘மோனோவால்’ என்ற தீயரண் மென்பொருளின் மீது அது கட்டப்பட்டிருந்தது. மோனோவாலின் சிறப்பு, அதன் அமைவுகள் அனைத்தும் ஒரே ஒரு கோப்பில் அடங்கியிருந்ததுதான். அந்தக் கோப்பை எடுத்துவைத்துக்கொண்டால், பெட்டி எரிந்தாலும் வேறு பெட்டியில் நிறுவி, கோப்பைக் கொடுத்து, பழையபடி நடத்தலாம். ஃப்ரீநாஸ் பின்னர் வேறு கைகளுக்குப் போய், 2020இல் ‘ட்ரூநாஸ்’ என்று பெயர் மாறியது. அமைவைத் தனியே எடுத்துவைக்கும் வசதி மட்டும் மாறவில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். பெட்டி மாற்றப்போகும் வாசகர்கள் கவனிக்க வேண்டியவை சில.

பழைய பெட்டி நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே அமைவுக் கோப்பை எடுத்து வேறிடத்தில் வையுங்கள். கடவுச்சொற்களின் இரகசிய விதையையும் சேர்த்து எடுக்கட்டுமா என்று ட்ரூநாஸ் கேட்கும்; ஆம் என்று சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் பூட்டிவைத்த கடவுச்சொற்கள் புதிய பெட்டியில் திறக்கா. அதைச் சேர்த்த கோப்பைப் பிறர் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மறையாக்கம் செய்த வட்டுகளாயின் அவற்றின் திறவுகோலும் தனியே வேண்டும்.

பயனர்களின் எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அமைவுக் கோப்பு கைகொடுக்காமல் புதிதாகக் கணக்குத் திறக்க நேர்ந்தால், அதே பெயருக்கு அதே எண்ணைக் கொடுங்கள். தொகுதியை முறைப்படி விடுவித்து, பின்பு வட்டுகளைக் கழற்றுங்கள். புதிய தாய்ப்பலகையில் வலைப்பின்னல் இடைமுகத்தின் பெயர் வேறாக இருக்கக்கூடும். அமைவு பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் பெட்டி உயிரோடு இருந்தும் வலையில் தென்படாது. ஒரு திரையையும் விசைப்பலகையையும் அருகில் வைத்துக்கொண்டால் அதைச் சரிசெய்வது சில நிமிட வேலை. பழைய வட்டுகளைப் புதியவற்றுக்கு நகலெடுத்திருந்தால், எல்லாம் திறக்கின்றனவா, எல்லோருக்கும் திறக்கின்றனவா என்று சில வாரங்கள் பார்த்த பின்பே பழையவற்றைத் துடையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பெட்டியில் நான்கு வட்டு இருப்பதைக் காப்புப் பிரதி என்று எண்ண வேண்டாம். மீரியபெத்தவில் ஒவ்வொரு வீட்டிலும் பத்திரம் இருந்தது. அலுவலகத்தில் ஏடும் இருந்தது. எல்லாம் ஒரே மலையின் கீழ் இருந்தன. ஒரு பிரதியாவது வேறு ஊரில், இயன்றால் வேறு நாட்டில், இருக்க வேண்டும். உறவினர் பல நாடுகளில் சிதறிக் கிடப்பது நமது துயரம். காப்புப் பிரதிக்கு மட்டும் அது வசதி.

கடைசியாக ஒன்று. இயந்திரம் தானாக எழுதிக்கொள்ள முடியாத ஓர் அமைவு உண்டு. படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்பதே அது. அதை அறிந்த முதியவர்கள் பூணாகலையிலும் பண்டாரவளையிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்னும் இருக்கிறார்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணைய நூலகம் ஈழத்து நூல்களோடு மலையக ஆவணங்களையும் சேர்த்து வருகிறது. ஆனால் உங்கள் வீட்டு அலுமாரியில் இருப்பது இன்னும் அங்கே போய்ச்சேரவில்லை. உங்களிடம் ஒரு துண்டு, ஒரு செக்ரோல் தாள், ஒரு கடவுச்சீட்டு, ஒரு லயத்து வாசலில் எடுத்த படம் இருந்தால் இந்த வாரமே அதைப் பிரதி எடுங்கள். எடுத்த கையோடு, அதில் உள்ளவரின் பெயரை, அவர் தம்மை எப்படி அழைத்துக்கொண்டாரோ அப்படியே, கோப்பின் பெயராக எழுதிவையுங்கள். கணக்கப்பிள்ளை செய்யத் தவறியது அது ஒன்றுதான்.